ஊழியர்களுக்கு வேலையிழப்புத் தொகை வந்தது. கடையை மூடிய எனக்கு?

அச்சுமை (இழையைத் தொடங்கியவர்):

பதினோரு வருடமாகச் சின்ன அச்சகம் ஒன்று நடத்தினேன். என்னோடு நான்கு பேர். பெரிய வாடிக்கையாளர் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போனார்கள். எட்டு மாதம் இழுத்துப் பிடித்தேன், ஒன்பதாவது மாதம் முடியவில்லை. நான்கு பேருக்கும் கணக்கு முடித்து, வேலை முடிந்ததற்கான சான்றும் கொடுத்து அனுப்பினேன். அவர்களுக்கு வேலையிழப்புத் தொகை வரத் தொடங்கிவிட்டது. அந்த மட்டில் மனசுக்கு நிம்மதி. அந்தக் காப்பீட்டுக்கு அவர்கள் பங்கையும் என் பங்கையும் மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன்.

எனக்காக விண்ணப்பிக்கப் போனால், "நீங்கள் உரிமையாளர், ஊழியர் இல்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி ஐந்து மாதம் நான் சம்பளம் என்று ஒரு காசு எடுக்கவில்லை. அவர்களுக்கு நின்றுவிடக் கூடாதே என்றுதான்.

எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இங்கே பல நாடுகளில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், அவரவர் இடத்தில் என்ன நடைமுறை என்று தெரிய வேண்டும். நான் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரிய வேண்டும். தூக்கம் வரவில்லை.

பேரேடு:

சகோதரி, முப்பது வருடம் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதியவன் நான். உங்களைப் போல் வந்து உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி. திருப்பி அனுப்பினார்கள் என்கிறீர்களே, எழுத்தில் கொடுத்தார்களா, வாயால் சொன்னார்களா? வாயால் என்றால் நாளைக்கே போய் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, மறுப்பைக் கடிதமாகக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்துதான் ஓடும். கடிதம் இல்லையென்றால் நீங்கள் விண்ணப்பித்ததாகவே இருக்காது.

ஏன் இப்படி என்று உங்களுக்குத் தோன்றும். பிரிட்டனில் 1911-ல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம், ஜெர்மனியில் 1927-ல் வந்த வேலையின்மைக் காப்பீடு, இரண்டுமே வேலை கொடுப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்று வைத்துக் கட்டியவை. ஒருவரை அடுத்தவர் நிறுத்தினால்தான் அது வேலையிழப்பு. தன் கதவைத் தானே மூடுகிறவர் இதில் எங்கே வருகிறார்? நஷ்டத்தில் மூடினாரா, தொகை வாங்குவதற்காக மூடிவிட்டு அடுத்த மாதம் திறக்கப் போகிறாரா என்று எப்படிப் பிரிப்பது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தடுமாறித்தான் பதில் சொல்லியிருக்கிறது.

உங்கள் தொழில் எப்படிப் பதிவாகியிருந்தது? தனி ஆள் பெயரிலா, கூட்டாகவா, கம்பெனியாகவா? பாதி விடை அதில் இருக்கிறது.

அச்சுமை:

வாயால்தான் சொன்னார்கள் ஐயா. கடிதம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தொழில் என் பெயரில்தான் பதிவு. கம்பெனி இல்லை.

தேம்ஸ்கரை:

பிரிட்டனைப் பற்றி எழுதுகிறேன். பேரேடு ஐயா சொன்ன "எப்படிப் பதிவு" என்பது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் பார்த்தோம். சுயதொழில் செய்பவர்களுக்கு வந்த திட்டத்தில் சராசரி லாபத்தில் 80 சதவீதம், மூன்று மாதத்துக்குச் சேர்த்து அதிகபட்சம் 7,500 பவுண்டு, முதல் தவணையாகக் கொடுத்தார்கள். நல்ல தொகைதான். ஆனால் கம்பெனி வைத்து, சிறு சம்பளமும் மீதியை டிவிடெண்டாகவும் (பங்குதாரருக்கான லாபப் பங்கு) எடுத்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. லாபம் வருடத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டியவர்களுக்கும் இல்லை. அப்போதுதான் தொழில் தொடங்கி 2018-19 வரிக்கணக்கு இல்லாதவர்களும் வெளியே நின்றார்கள். ஒரே தெருவில், ஒரே வேலை செய்கிற இரண்டு பேர். ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குப் பூஜ்யம்.

கம்பெனி இயக்குநர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது. கம்பெனி திவாலாகும்போது, தான் உண்மையிலேயே அதில் சம்பளம் வாங்கிய ஊழியராகவும் இருந்ததைக் காட்ட முடிந்தால், குறைந்தது 2 வருட வேலையும் இருந்தால், தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து பணிநீக்க இழப்பீடு கேட்கலாம். சம்பளமே எடுக்காமல் "கம்பெனிக்காக" உழைத்தவர்களுக்கு இதை நிரூபிப்பது கடினம். உங்கள் பதிவில் அந்த ஐந்து மாதத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நேர்வழி:

நான் சம்பளக்காரன். யாரையும் புண்படுத்த எழுதவில்லை, மனதில் இருப்பதை எழுதுகிறேன். தொழில் நன்றாக ஓடிய வருடங்களில் லாபம் முழுவதும் உரிமையாளருக்கு. ஊழியருக்கு அதே சம்பளம்தான். அப்படியிருக்க நஷ்டம் வரும்போது மட்டும் பொதுப் பணத்திலிருந்து கேட்பது சரியா? துணிந்து இறங்குகிறவருக்கு லாபம் என்றால், இழப்பும் அவருடையதுதானே?

ரைன்கரை:

நேர்வழி தம்பி, கேள்வி நியாயமானது. ஆனா நீங்கள் மனதில் வைத்திருப்பது பெரிய முதலாளியை. நாலு பேரை வைத்துக் கடை நடத்துறவர் பல மாதம் தன்ர ஊழியரை விடக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டு போறவர். அச்சுமை அக்கா ஐந்து மாதம் ஒன்றும் எடுக்கேல்லை என்று எழுதியிருக்கிறா. வடிவாக வாசியுங்கோ. அதோட, சும்மா தாருங்கோ என்று ஆரும் கேட்கேல்லை. காசு கட்டுறம், எங்களையும் சேருங்கோ என்றுதான் கேட்கிறம்.

ஜேர்மனியில அதுக்கு ஒரு வழி இருக்கு. 2006-ல இருந்து சுயதொழில் செய்யிறவை விரும்பினால் வேலையின்மைக் காப்பீட்டில தொடர்ந்து இருக்கலாம். ஆனா அதுக்கு முதல் நீங்கள் ஊழியராகவோ உதவித்தொகை வாங்கினவராகவோ அந்தக் காப்பீட்டுக்குள்ள இருந்திருக்க வேணும். தொழில் தொடங்கி 3 மாதத்துக்குள்ள விண்ணப்பிக்கவும் வேணும். அந்த மூன்று மாதம் தவறினால் கதவு பூட்டு, பிறகு எத்தனை வருடம் வரி கட்டினாலும் திறக்காது. தொழில் தொடங்குற நேரத்தில கடை வாடகை, இயந்திரம், பலகை என்று ஓடித் திரியிற ஒருவருக்கு இது கண்ணில படுமா சொல்லுங்கோ. எனக்குப் படேல்லை. நான் அறிஞ்சது நாலாவது வருடம்.

அதுக்குள்ள இன்னொரு அநியாயமும் இருக்கு. உதவித்தொகையை உங்கட வருமானத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறேல்லை, உங்கட படிப்பையும் தகுதியையும் நாலு படியாகப் பிரித்துத்தான் பார்க்கினம். எல்லாரும் கட்டுறது ஒரே சந்தா. பட்டம் பெற்றவருக்குக் கூடக் கிடைக்கும், கையால தொழில் படிச்சவருக்குக் குறையக் கிடைக்கும். இரண்டு தரம் தொகை எடுத்து இடையில தொழிலுக்குத் திரும்பினவரை மூன்றாம் தரம் சேர்க்கவும் மாட்டினம்.

பனிமண்:

கனடாவிலிருந்து. இங்கே 2010 முதல் சுயதொழில் செய்பவர்கள் வேலைக் காப்பீட்டில் விருப்பப்பட்டுச் சேரலாம். பலர் இதைக் கேட்டுவிட்டு "அப்பாடா" என்று நினைக்கிறார்கள். அதில் கிடைப்பது மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, நோய், குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பது போன்ற சிறப்புத் தொகைகள் மட்டும். தொழில் படுத்துப்போனால் கிடைக்கும் வழக்கமான வேலையிழப்புத் தொகை அதில் இல்லை. கம்பெனியில் 40 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு உங்கள் கையில் இருந்தால், அங்கே சம்பளம் வாங்கினாலும் அந்தக் காப்பீட்டுக்கு நீங்கள் ஊழியர் ஆக மாட்டீர்கள்.

2020-ல் மட்டும் வேறு மாதிரி நடந்தது. நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் அவசரத் தொகை ஊழியருக்கும் சுயதொழில்காரருக்கும் ஒன்றாகவே வந்தது. 2019-லோ விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்திலோ 5,000 டாலராவது வருமானம் இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இந்த "வருமானம்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் சிக்கல். செலவுக்கு முந்தைய மொத்த வரவா, செலவு போன நிகர வருமானமா? பலர் மொத்த வரவை வைத்து விண்ணப்பித்தார்கள். வருடக் கடைசியில், நிகரம்தான் கணக்கு, தகுதி இல்லையென்றால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்று கடிதங்கள் போயின. வாங்கிய பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய் மாதங்கள் ஆகியிருந்தன. 2021 பிப்ரவரியில்தான், மொத்த வரவு 5,000 இருந்து மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் திருப்பித் தர வேண்டாம் என்று அரசு அறிவித்தது. அந்த இடைப்பட்ட வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

பேரேடு:

பனிமண் சொன்னது கனடாவோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலும் இதே கதை. 2020 மார்ச் 27-ல் கையெழுத்தான சட்டத்தில், வழக்கமான வேலையின்மைத் தொகைக்கு வெளியே இருந்த சுயதொழில்காரர்களுக்கென்று தனித் தொகை வந்தது. தொடக்கத்தில் 39 வாரம் வரை, அதோடு ஜூலைக் கடைசி வரை வாரத்துக்கு 600 டாலர் கூடுதல். 2021 செப்டம்பரில் அது முடிந்தது. கூடவே சம்பளப் பாதுகாப்புக் கடன் வந்தது. விதிப்படி செலவழித்தால் தள்ளுபடி ஆகும். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு அதில் எவ்வளவு என்று எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? வரிக்கணக்கில் காட்டிய நிகர லாபத்தை வைத்து. லாபம் பூஜ்யம் என்று காட்டியிருந்தால் கடனும் பூஜ்யம். 2021 மார்ச்சில்தான் மொத்த வரவை வைத்தும் கணக்கிடலாம் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே வாங்கி முடித்தவர்களுக்கு அந்த மாற்றம் பயன்படவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்வும் இருக்கிறது. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு செலவு காட்டுங்கள், லாபத்தைக் குறையுங்கள்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் தொழிலின் பழக்கம். சட்டத்துக்குட்பட்டுத்தான். வரி மிச்சமாகும். நெருக்கடி வரும் நாளில் அந்த அரசே உங்களை அளப்பது அதே தாளை வைத்துத்தான் என்பதை நாங்கள் போதிய அளவு சொன்னதில்லை. 2020-க்குப் பிறகு நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: உங்களுக்கென்று ஒரு வருமானம் தாளில் இருக்கட்டும். வீட்டுக்கடன் கேட்கும்போதும் அதுதான், முதுமைத் தொகைக்கும் பல இடங்களில் அதுதான்.

நெசவு:

இந்தியாவில் இருக்கிறேன். இங்கே ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் ஊழியருக்கு வேலை போனால் நிபந்தனைகளோடு 90 நாள் வரை சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. 2020-ல் அதை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். உரிமையாளருக்கு அந்த வகையில் எதுவும் கிடையாது.

நான் எழுத வந்தது "நிவாரணம்" என்ற பெயரில் வந்த கடனைப் பற்றி. 2020 மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. அரசே முழு உத்தரவாதம், முதல் ஒரு வருடம் அசல் கட்ட வேண்டியிருக்கவில்லை. பலரைக் காப்பாற்றிய திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை கடனே வாங்காமல் கைப்பணத்தில் ஓட்டியவருக்கு? ஒன்றுமில்லாததில் 20 சதவீதம் ஒன்றுமில்லைதான். என் அப்பா கடன் வாங்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர். அந்த ஒழுக்கத்துக்கே எங்களை வெளியே நிறுத்தினார்கள் என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கடன் வாங்கினால் மூச்சு விட நேரம் கிடைக்கும். தொழில் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்கலாம். அச்சுமை அக்காவுக்குப் போன வாடிக்கையாளர் திரும்பி வரப்போவதில்லை என்றால், இப்போது வாங்கும் கடன் நாளைக்கு மூட வேண்டிய கடையை அடுத்த வருடம் இன்னும் பெரிய பாக்கியோடு மூட வைக்கும்.

பனிமண்:

நெசவு சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். கனடாவில் அரசு கொடுத்த சிறு தொழில் கடன் 60,000 டாலர் வரை போனது. அதில் 20,000 தள்ளுபடி, மீதியை 2024 ஜனவரி 18-க்குள் கட்டினால். அந்த நாளைத் தவறவிட்டவர்களுக்குப் பொதுவாகத் தள்ளுபடி போய்விட்டது, பாக்கி முழுவதும் 5 சதவீத வட்டிக் கடனாகிவிட்டது. கட்டக் காசு இல்லாதவருக்குத்தான் தள்ளுபடி மிகவும் தேவை. அவருக்குத்தான் அது கிடைக்காமல் போனது.

நேர்வழி:

இதையெல்லாம் படித்த பிறகு என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சந்தா கட்டுகிறவருக்கு உரிமை உண்டு, ஏற்கிறேன். ஆனால் பேரேடு ஐயா முதலில் எழுப்பிய சிக்கல் அப்படியே இருக்கிறதே? உண்மையான நஷ்டம் என்று யார், எதை வைத்துச் சொல்வது?

பேரேடு:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி. ஸ்பெயின் இதை எண்ணால் தீர்க்கப் பார்த்தது. 2010 சட்டத்தில் விருப்பத் திட்டமாக வந்தது, 2019 முதல் ஏறத்தாழ எல்லாச் சுயதொழில்காரருக்கும் கட்டாயம். ஒரு முழு வருடத்தில் நஷ்டம் வரவில் 10 சதவீதத்தைத் தாண்டியதைக் காட்டினால் அது ஏற்கத்தக்க காரணம். குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருந்தால், கட்டிய காலத்தைப் பொறுத்து 4 முதல் 24 மாதம் வரை கிடைக்கும். பிரான்சு வேறு வழி எடுத்தது. 2019 நவம்பர் 1 முதல் மாதம் 800 யூரோ, ஆறு மாதம், தனிச் சந்தா கிடையாது. ஆனால் நீதிமன்றம் வழியாகத் திவால் நடவடிக்கை நடந்திருக்க வேண்டும், அதற்கு முன் வருடத்துக்குச் சராசரி 10,000 யூரோ வருமானமும் இருந்திருக்க வேண்டும். திவாலாகும்வரை காத்திரு, ஆனால் அதுவரை நன்றாகச் சம்பாதித்திருக்கவும் வேண்டும் என்றால் எத்தனை பேர் தேறுவார்கள்? எதிர்பார்த்ததை விட மிகக் குறைவான பேர்தான் பெற்றார்கள். 2022-ல் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஸ்பெயின் வழிதான் மேல். அங்கும் மறுக்கப்படும் விண்ணப்பங்கள் அதிகம் என்பது தெரிந்தே சொல்கிறேன். கட்டாயச் சந்தா, எண்ணில் சொன்ன அளவுகோல். விருப்பம் இருந்தால் சேரலாம் என்றால், தொழில் ஆடத் தொடங்கியவர்கள்தான் ஓடிவந்து சேருவார்கள், நிதி தாங்காது. ஜெர்மனி அந்த 3 மாதக் கதவைப் பூட்டியதற்கும் காரணம் அந்தப் பயம்தான்.

சகோதரி, இப்போது உங்களுக்கு. மறுத்தது காப்பீட்டுத் தொகையை. அதைவிட்டால், வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான பொது உதவி என்று பல நாடுகளில் தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு ஊழியராக இருந்திருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு மேசையில் இருப்பவர் பக்கத்து மேசையைப் பற்றிச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். அங்கே போகும்போது தொழில் முடிந்ததற்குச் சான்று கையில் இருக்கட்டும்: பதிவு நீக்கம், வரிப் பதிவை மூடிய கடிதம், குத்தகை முடிந்த தாள். தொழில் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தாளில் தெரிந்தால் வராத வருமானத்தை வந்ததாக எழுதிவிடுவார்கள்.

தேம்ஸ்கரை:

அந்தக் கடைசி வரி பிரிட்டனில் அப்படியே சட்டம். பொது உதவியில் சுயதொழில்காரருக்கு முதல் 12 மாதம் போன பிறகு, நீங்கள் உண்மையில் எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாலும், குறைந்தபட்ச ஊதிய அளவுக்கு வந்ததாக வைத்துத்தான் கழிப்பார்கள். தொற்றுக் காலத்தில் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பேரேடு:

இன்னும் இரண்டு விஷயம், இவை அவசரம். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் சந்தாவும் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டுங்கள். அது உங்கள் பணம் இல்லை. கம்பெனி என்ற சுவர் இருப்பவரைக்கூட அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் பாக்கிக்குச் சொந்தமாகப் பிடிப்பார்கள். அடுத்தது, வங்கியில் நீங்கள் போட்ட கையெழுத்துகளை எடுத்துப் பாருங்கள். சொந்த ஜாமீன் எதிலாவது இருக்கிறதா? வீடு எதிலாவது சேர்ந்திருக்கிறதா? தவணை தவறுவதற்கு முன்னால் போய்ப் பேசுகிறவருக்குத்தான் தவணையை மாற்றிக் கொடுப்பார்கள். தினமும் கணக்கிலிருந்து வெட்டிக்கொள்ளும் "உடனடிப் பணம்" யாராவது கொடுக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிவாரணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரையும் அப்படியே.

அச்சுமை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

மறுப்பைக் கடிதமாகக் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், இரண்டாவது முறை போனதும் கொடுத்தார்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறேன், ஜெயிக்கும் என்று நம்பவில்லை, ஆனாலும் போட்டேன். அந்தக் கடிதத்தோடு பொது உதவிக்கு விண்ணப்பித்தேன். போன வாரம் முதல் தொகை வந்தது. என் ஊழியர்களுக்கு வருவதில் பாதிதான். வாடகைக்குப் போதும், மற்றதற்குப் போதாது. அச்சகக் கட்டடத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே போய்ப் பேசினேன். முன்பணத்தை விட்டுக்கொடுத்தேன், மீதிக் குத்தகைக் காலத்தை அவர் விட்டுக்கொடுத்தார்.

ஒரு கடனில் என் ஜாமீன் கையெழுத்து இருக்கிறது. வீடு அதில் சேரவில்லை. அந்தத் தாளை நான்கு முறை படித்த பிறகுதான் மூச்சு வந்தது. பெரிய இயந்திரம் விலை போனதும் அதில் பாதி தீரும். வெட்டும் இயந்திரத்தை மட்டும் வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்த நான்கு பேரில் மூவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நான்காமவர் நேற்றுக் கூப்பிட்டு, "நீங்கள் சாப்பிட்டீர்களா" என்று கேட்டார்.

கதவுமணி:

இழை முழுவதும் படித்தேன். அடுத்த மாதம் சின்னதாக ஒரு கடை திறக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. நிறுத்திவிடட்டுமா?

அச்சுமை:

நிறுத்த வேண்டாம். திறப்பதற்கு முன்னால், உங்கள் நாட்டில் உரிமையாளர் சேரக்கூடிய காப்பீடு உண்டா, எத்தனை நாளுக்குள் சேர வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரைன்கரை எழுதிய அந்த 3 மாதத்தை இன்னொரு முறை படியுங்கள். முதல் மாதத்திலிருந்தே உங்களுக்கென்று சிறிய சம்பளமாவது கணக்கில் ஏற்றுங்கள், கை கடித்தாலும். ஜாமீன் தாள் வந்தால் கையெழுத்துப் போடும் முன் இங்கே வந்து கேளுங்கள். கடைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்? பலகை, ரசீது எதுவும் அடிக்க வேண்டுமானால் சொல்லுங்கள், என்னிடம் வேலை செய்த ஒருவர் புது இடத்தில் நன்றாகச் செய்கிறார்.